கறுப்புப் பொடியும் இரவல் பெட்டியும்

எங்கள் வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். பல்லி, கரப்பான், இருட்டு, இடி எதற்கும் நான் பயந்தவளில்லை. கரப்பான் பறந்தால் தறிக்குழியை விட்டு முதலில் எழுந்து ஓடுகிறவர் என் கணவர்தான். எனக்கு இருந்தது ஒரே பயம். கல்லூரி ஆய்வகத்தில் நான் தினமும் கையில் பிடித்த ஒரு காந்தம் என்றைக்காவது அவர் உயிரை எடுத்துவிடும் என்ற பயம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் பயத்தோடு எழுந்தேன், சமைத்தேன், பஸ் ஏறினேன். பாடம் நடத்தும்போதுகூட அது என்னோடு கரும்பலகை ஓரத்தில் நின்றது.

அவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். நான் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். இரண்டு குடும்பமும் ஒரே தெரு என்பதால் இந்தக் கல்யாணம் யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. ஒரு நாள் மத்தியானம் நெய்துகொண்டிருக்கும்போதே அவர் முன்னால் சரிந்து, தறியிலிருந்த சேலைமேல் முகம் குப்புற விழுந்தார். இதயத்துக்குள் மேலிருந்து கீழே மின்சாரம் போகிற பாதை அறுந்துவிட்டது என்று சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பேஸ்மேக்கர் வைத்தால்தான் இதயம் ஒழுங்காகத் துடிக்கும். இல்லையென்றால் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம்.

புதுசு வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. அப்போது அந்த டாக்டர் ஒரு வழி சொன்னார். இறந்துபோனவர்களின் உடம்பிலிருந்து குடும்பத்தார் சம்மதத்தோடு எடுத்த பேஸ்மேக்கர் பெட்டிகளைச் சுத்தம் செய்து, சோதித்து, தேவைப்படுகிறவர்களுக்குத் தருகிறார்கள், பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிற ஒன்று இப்போது கைவசம் இருக்கிறது என்றார். இன்னொருவர் நெஞ்சில் இருந்து, அவரோடு சுடுகாட்டுக்குப் போகாமல் திரும்பி வந்த பெட்டி. என் கணவர் படுக்கையில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"செகண்ட் ஹேண்ட் தறி வாங்கி நெய்யறதில்லையா? அதே மாரிதாம்மா இதுவும். வெச்சிக்கலாம்."

வைத்தார்கள். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் அது புடைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சில எச்சரிக்கைகள் சொன்னார். கொஞ்ச நாளைக்கு இடது கையைத் தூக்கக் கூடாது. செல்போனை வலது காதில்தான் வைக்க வேண்டும். பலமான காந்தம் எதையும் நெஞ்சுக்கு அருகில் கொண்டுவரக் கூடாது, ஒரு சாணாவது தள்ளியே இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நெசவுக்காரன் வீட்டில் காந்தம் எங்கிருந்து வரப்போகிறது?

அதே மாதம் என் ஆய்வு வழிகாட்டி எனக்குப் புது வேலை கொடுத்தார். சின்ன காஞ்சிபுரத்தில் வழிவழியாகப் படித்த குடும்பத்துப் பெண்மணி. நெற்றியில் கோடாகச் சூர்ணம், தோளில் வெள்ளைக் கோட்டு. அவர் ஒரு குடுவையை என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உள்ளே மை கரைத்ததுபோல் கறுப்பாய் ஒரு கலவை. இன்னொரு கையில் தீப்பெட்டி அளவில் வெள்ளி மாதிரி பளபளக்கிற ஒரு கட்டி. அந்தக் கட்டியைக் குடுவையின் பக்கத்தில் வைத்தார். கறுப்பு முழுவதும் கலைந்து ஒரே பக்கமாக நகர்ந்து கண்ணாடிச் சுவரில் போய் அப்பிக்கொண்டது. மிச்சமிருந்த திரவம் குடிதண்ணீர்போல் தெளிந்துவிட்டது.

"பாத்தியா? வடிகட்ட வேண்டாம், விஷமான கரைப்பான் லிட்டர் லிட்டரா கொட்ட வேண்டாம். தண்ணியைச் சாய்ச்சு ஊத்து. பொடி இங்கேயே நிக்கும். அலம்பிட்டு மறுபடி வேலை வாங்கிக்கோ" என்றார்.

விஷயம் எளிமையானதுதான். ஒரு மருந்தைச் செய்ய இரண்டு மூலக்கூறுகளை ஒட்டவைக்க வேண்டும். அவை தாமாக ஒட்டாது. பலேடியம் என்ற உலோகம் நடுவில் நின்று ஒட்டவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதைத்தான் வினையூக்கி என்கிறோம். பழைய முறையில் வேலை முடிந்ததும் அந்த விலையுயர்ந்த உலோகம் கலவையோடு கலந்து கழிவாகிப் போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன இரும்பு ஆக்சைடு துகள்களுக்கு மணலைப்போன்ற ஒரு மேலுறை போட்டு, அதன்மேல் பலேடியத்தை உட்காரவைக்கிறோம். இரும்பு இருப்பதால் காந்தம் கூப்பிட்ட பக்கம் வரும். வந்ததும் கழுவி, மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தலாம். எத்தனை தடவை பயன்படுத்த முடியும் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுகணம் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வழிகாட்டி அந்தக் காந்தக் கட்டியை இரும்பு பீரோவை நோக்கி லேசாக நீட்டினார். அது அவர் விரலிலிருந்து துள்ளி 'டக்'கென்று பீரோவில் போய் அறைந்துகொண்டது. அதைப் பிய்த்தெடுக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் தலைப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று தோன்றியது. கல்யாணமானவள், வீட்டில் நோயாளி, இவளுக்கு எதற்கு இந்தத் தொல்லை என்று நல்லெண்ணத்திலேயே எடுத்துவிடுவார். நல்லெண்ணத்தோடு பிடுங்கினால் சண்டைகூடப் போட முடியாது. காந்தம் கல்லூரியில் இருக்கப்போகிறது, அவர் வீட்டில் இருக்கப்போகிறார், நடுவில் ஒரு பஸ் பயணமே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் பயத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியுமா? சேலையில் துளி பொடி ஒட்டியிருந்தால்? நகக்கண்ணில் இருந்தால்? ஒரு சிட்டிகைப் பொடி யாரையும் ஒன்றும் செய்யாது, அது காந்தமே இல்லை, காந்தத்தால் இழுக்கப்படுவது மட்டும்தான் என்று வகுப்பில் நானே சொல்லித்தருவேன். சாயங்காலம் வீட்டு வாசலை மிதித்ததும் அத்தனையும் மறந்துவிடும். நேராகப் பின்கட்டுக்குப் போய்த் தலையோடு குளித்து, சேலையைத் தனி வாளியில் நனைத்துப் போட்டுவிட்டுத்தான் கூடத்துக்கு வருவேன். வழியில் யார் எதிர்ப்பட்டாலும் சுவரோடு ஒட்டிக்கொள்வேன்.

"இன்னாம்மா, பிள்ளையார்பாளையத்துல இருந்துக்கினு சின்ன காஞ்சிபுரத்து மாமி மாரி மடி புடிச்சிக்கின? நான் தொட்டா தீட்டா?" என்று தறியில் உட்கார்ந்தபடியே கேட்பார் அவர். என் வேலை என்ன, அதில் காந்தம் எதற்கு என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். அவர் மனதில் இருந்தது பள்ளிக்கூடத்தில் பார்த்த காந்தம்: குதிரை லாடம் மாதிரி வளைந்து, சிவப்புச் சாயம் பூசியது. மாமியாருக்குக் காந்தத்தால் வரும் ஆபத்து பற்றி எதுவுமே தெரியாது. தெரிந்தால் அவர் சாப்பிடவே மாட்டார் என்று நாங்கள் இருவருமே சொல்லவில்லை. மருமகளுக்குத் திடீரென்று ஆசாரம் வந்துவிட்டது என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

ஆய்வு நன்றாகவே நடந்தது, அதுதான் எனக்கு அடுத்த பயமாகிவிட்டது. முதல் தடவை பொடி முழுமூச்சாக வேலை செய்தது. அடுத்த சில தடவைகளும் குறையில்லை. பிறகு மெல்ல மெல்லக் குறைய ஆரம்பித்தது. பார்வைக்கு அதே கறுப்புப் பொடிதான், காந்தம் கூப்பிட்டால் அதே வேகத்தில் வரும், ஆனால் வேலையில் சுணக்கம். ஏன் குறைகிறது என்று கண்டுபிடி என்றார் வழிகாட்டி. பலேடியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறதா, துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்கின்றனவா? நான் வரைபடம் போடுவேன். கோடு கொஞ்ச தூரம் சமமாக ஓடி, வலதுபக்கம் தாழும். அந்தத் தாழ்கிற கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நெஞ்சில் இருக்கிற பெட்டிதான் தெரியும். அதுவும் ஒருமுறை வேலை செய்து முடித்து, கழுவி, மறுபடி வேலைக்கு அனுப்பப்பட்டதுதானே. அதன் கோடு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது? முதல் சொந்தக்காரர் எத்தனை வருடம் வைத்திருந்தார்?

இதைக் கேட்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. ஆனால் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். உள்ளே போனால் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வருவார். "வளையம் மாரி ஒன்ன மேல வெச்சி பாத்தாங்கம்மா. நல்லா இருக்குதுன்னாங்க" என்பார். எனக்கு அது போதும். அந்த வருடம் ஆவணியில் போக வேண்டியதை அவர் தள்ளிப்போட்டார். முகூர்த்த மாதம், கல்யாணப் புடவை தறியில் நிற்கிறது, நெய்து முடித்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

புரட்டாசி பிறந்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் தெருவில் அன்றைக்குத் தறிச் சத்தமே கேட்காது. தறியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, குறுக்கிழை ஓட்டும் நாடா, கத்தரி, இழை நெருக்கும் பன்னை என்று நெசவுச் சாமான்கள் அத்தனையையும் சாமி படத்துக்கு முன்னால் பரப்பி வைப்பார்கள். கற்பூரம் காட்டியதும் அவரவர் தன் ஆயுதத்தைக் கையில் எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, நெஞ்சோடு ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி கீழே வைக்க வேண்டும். மறுநாள் காலை வரை அதை யாரும் தொடக் கூடாது. இது எங்கள் வீட்டு வழக்கம்.

"நீயும் வேலைக்குப் போறல்ல, உன் சாமானையும் எடுத்தாந்து சாமி முன்னாடி வையிம்மா. வூட்டுக்குச் சோறு போடறது எல்லாம் வரணும்" என்று மாமியார் முந்தின வாரமே சொல்லிவிட்டார்.

பூஜையன்று லீவுதான். ஆனாலும் என் வழிகாட்டி அன்று காலையில் ஆய்வு மாணவர்களை வரவழைத்து, ஆய்வகத்திலேயே பூஜை போடுவார். தராசுக்கும் சூடேற்றும் கருவிக்கும் பொட்டு வைத்து, சுண்டல் பொரி கொடுத்து அனுப்புவார். மாமியார் கேட்டதைச் சொல்லி, கறுப்புப் பொடி கொஞ்சம் இருக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகட்டுமா என்று அவரிடம் கேட்டேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நான் மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவரே குப்பியைக் காகிதத்தில் சுற்றி, பொரி, வாழைப்பழத்தோடு ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். "ஜாக்கிரதையா எடுத்துண்டு போ, நாளன்னிக்குத் திருப்பிக் கொண்டுவா" என்றார். பை கனமாகத்தான் இருந்தது. வாழைப்பழம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும்போது மாமியார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ராகு காலம் வருவதற்குள் கற்பூரம் காட்டிவிட வேண்டும் என்று அவசரம். பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, இதோ குளித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பின்கட்டுக்கு ஓடினேன். "இன்னிக்கி ஒரு நாள் கால கழுவிக்கினு வாயேம்மா" என்று அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. அது எப்படி முடியும்? ஆய்வகத்திலிருந்து வந்திருக்கிறேனே. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. என் கணவர் வேட்டியோடு, வெற்று மார்போடு, சந்தனம் பூசிக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருந்தார். மாமியார் ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுக்க, அவர் கண்ணில் ஒற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"அவ வர்றதுக்குள்ள ராகு காலம் வந்துடும்டா. அவ சாமானையும் நீயே ஒத்திக்கோ. புருசன் பொண்டாட்டி யாரு எடுத்தா இன்னா" என்றார் மாமியார்.

அவர் கை நீட்டினார். கத்தரியோடு சேர்ந்து வெள்ளியாய் ஏதோ ஒன்று வந்தது. இரண்டையும் பிரிக்க முடியாமல் அவர் சிரித்துக்கொண்டே இழுத்தார். பிரிந்தது. அதன்மேல் மாமியார் வைத்த குங்குமப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது. குப்பி தரையில் தனியாக இருந்தது. அவர் கையில் இருந்தது காந்தம். லாடமும் இல்லை, சிவப்பும் இல்லை, அதனால் அவருக்குத் தெரியவில்லை.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் அதை வலது கண்ணில் ஒற்றினார். இடது கண்ணில் ஒற்றினார். பிறகு அதைக் கைக்குள் பொத்தி இடது மார்பின் மேல்பக்கமாக, அந்தப் புடைப்பின் மேலேயே, பக்தியோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

நான் அங்கே எப்படிப் போனேன் என்று தெரியாது. அவர் கண்ணைத் திறந்து, "இன்னாமோ பண்ணுதும்மா, நெஞ்சு தடதடன்னு ஓடுது" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் கையைப் பிரித்து அதைப் பிடுங்கி வாசல் பக்கம் வீசினேன். அது ஜன்னல் கம்பியில் 'டங்'கென்று ஒட்டிக்கொண்டது. பூஜைத் தட்டு கவிழ்ந்தது, பொரி சிதறியது. "அய்யோ, சாமி சாமானைத் தூக்கிப் போட்டுட்டாளே, இவளுக்கு இன்னா ஆச்சி?" என்று மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பு என் விரலில் தெரிகிறதா, என் விரலே துடிக்கிறதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் "இப்ப அடங்கிடுச்சிம்மா" என்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

குப்பியைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பார்த்ததும் வழிகாட்டி செய்தது எனக்குப் புரிந்தது. காந்தத்தையும் சேர்த்தே சுற்றியிருக்கிறார். காந்தம் இல்லாமல் அந்தப் பொடி என்ன ஆயுதம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அவர்மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லை. அவரிடம் நான் எதையும் சொன்னவளில்லையே.

தெருக்கோடியில் வாழைக்கன்று கட்டி நின்ற ஒரு வாடகைக் காரை எடுத்தோம். வாலாஜாபாத் வழியாகச் சென்னைக்குப் போகிற சாலையில் கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். டிரைவர் ஒவ்வொன்றையும் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு உயிர் போய் வந்தது. தென்னேரி ஏரி தாண்டும்போது என் கணவர், "ஏரி ரொம்பிக்கினு இருக்குது பாரு" என்று என் கவனத்தைத் திருப்பப் பார்த்தார். நான் ஏரியைப் பார்க்கவில்லை. அவர் கழுத்து நரம்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். நான் கொன்றுவிட்டேன், என் ஆயுதத்தால் கொன்றுவிட்டேன் என்றுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

லீவு நாள் என்பதால் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் மட்டும் இருந்தார். நான் அழுதுகொண்டே சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பெரிய வளையத்தை எடுத்தார். மெதுவடை அளவு கனம், நடுவில் ஓட்டை. என் கணவரின் மார்பை நோக்கி அதைக் கொண்டுபோனார்.

"என்ன அது?" என்றேன்.

"மேக்னெட்."

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். ஒரு டாக்டரின் கையை அப்படிப் பிடிக்கலாமா என்ற நினைப்பே இல்லை. அவர் கோபப்படவில்லை. "அம்மா, பயப்படாதீங்க. காந்தம் வெச்சா இந்தப் பெட்டி நின்னுபோகாது. இதயம் என்ன செய்யுதுன்னு கேக்கிறதை நிறுத்திட்டு, தன்னோட வேகத்துல தானா துடிப்பு அனுப்ப ஆரம்பிக்கும், அவ்வளவுதான். அதனாலதான் அவருக்கு ஓடற மாதிரி இருந்திருக்கு. எடுத்ததும் பழையபடி ஆயிடும். அந்த வேகத்தை வெச்சுத்தான் பேட்டரி எவ்வளவு இருக்குன்னு நாங்க பாக்கறோம். ஒவ்வொரு செக்கப்லயும் வைப்போமே, நீங்க பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

இ.சி.ஜி. ஒயர்களை ஒட்டிவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். "நர்ஸ் வேற வார்டுல இருக்காங்க. இவர் ஒல்லியா இருக்கிறதால எலும்பு மேல வளையம் வழுக்குது. நீங்க பிடிச்சுக்கறீங்களா? நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது" என்று வளையத்தை என் கையில் கொடுத்தார்.

நான் அதை அவர் நெஞ்சில் வைத்தேன். ஒன்றரை வருடமாக எதைச் செய்துவிடக் கூடாது என்று தினமும் தலைமுழுகினேனோ, அதை என் கையாலேயே செய்தேன். வைத்த உடனே என் விரலுக்கடியில் துடிப்பு மாறியது. அது அவருடைய வேகம் இல்லை. காகிதம் மெஷினிலிருந்து வந்துகொண்டே இருந்தது. கோடுகளைப் படித்துப் பழகிய கண் என்னுடையது. பெட்டி அனுப்பும் குத்துக்கோடு ஒரே சீராக வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இதயத்தின் பெரிய அலை வந்தது. ஒரு இடத்தில் குத்துக்கோடு மட்டும் வந்து, அலை வரவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்திலும் வரவில்லை. பெட்டி கூப்பிடுகிறது, இதயத்துக்குக் கேட்கவில்லை.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் சொன்னார். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே பேட்டரி இறங்கிவிட்டது, காந்தம் வைத்ததும் வர வேண்டிய வேகமும் குறைந்திருக்கிறது, சில துடிப்புகள் பிடிக்கவில்லை, இன்றைக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது, உடனே மாற்ற வேண்டும். பிறகு என் கணவரைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"தலை சுத்தல், கண்ணு இருட்டறது ஏதாவது இருந்துச்சா?"

இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"இருந்துச்சி டாக்டர். ஆவணிலேர்ந்து. தறியில உக்காந்துக்கினு இருக்க சொல்ல ரெண்டு மூணு வாட்டி கண்ணு இருட்டிக்கினு வந்துச்சி. புடிச்சிக்கினு உக்காந்துடுவேன்."

"ஏன் சொல்லலை?" என்று கேட்டது டாக்டர் இல்லை, நான்.

"உன்கிட்ட எப்பிடிம்மா சொல்றது? சும்மாவே அவ்ளோ பயந்துக்கினு இருக்கற. இத வேற சொன்னா நீ தாங்க மாட்ட."

எனக்கு அழுகைகூட வரவில்லை. சேலையில் ஒட்டிய தூசிக்கெல்லாம் பயந்தேன். அந்த நேரத்தில் அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகத் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் உயிருக்கு என் காந்தத்தால் வந்த ஆபத்து எதுவுமில்லை. என் பயத்தால்தான் வந்தது. "போதும்மா, எடுங்க" என்று டாக்டர் சொன்னது கேட்டது. கை வரவில்லை. அவரே என் விரல்களைப் பிரித்து வளையத்தை எடுத்தார்.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். பெட்டியை மாற்றினார்கள், இந்த முறை கடன் வாங்கி, யாரும் வைத்திராத புதுப் பெட்டி. நான் வழிகாட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழுதுவிட்டார், ஆனால் தலைப்பை மாற்றவில்லை. பொடி ஏன் சுணங்குகிறது என்று கடைசியில் கண்டுபிடித்து, சில வருடங்கள் கழித்துப் பட்டமும் வாங்கினேன்.

பயப்படுவதை நான் நிறுத்தவில்லை. அது என் கையில் இல்லை. அதை அவருக்குக் காட்டுவதைத்தான் நிறுத்தினேன். அது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தறிச் சத்தம் சட்டென்று நின்றால், இழை அறுந்திருக்கும், ஊடை நூல் தீர்ந்திருக்கும், வெற்றிலை போட எழுந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஓடிப்போய்ப் பார்க்க மாட்டேன். குரலை நிதானப்படுத்திக்கொண்டு அடுப்படியிலிருந்தே ஏதாவது கேட்பேன்.

பெட்டி மாற்றிய பிறகு வந்த தை மாதத்தில் ஒரு நாள் காலை சத்தம் அப்படி நின்றது. "காப்பி போடட்டுங்களா?" என்று கேட்டேன். இன்னொரு முறை கேட்க வாயெடுப்பதற்குள் அவர் குரல் வந்தது.

"கொஞ்சம் தலை சுத்தற மாரி இருக்குதும்மா. வந்து பாரேன்."

டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, ஓடாமல், நடந்தே போனேன்.